பாடம் செய்த உடல்கள் சொல்லும் பாடம்



எகிப்து என்று சொன்னவுடன் நம் மாணவர்கள் செய்வது ஒன்றுதான். இரு கைகளையும் முன்னால் நீட்டி, கால்களை விறைப்பாக வைத்து, கண்ணை உருட்டி நடந்து காட்டுவார்கள். வகுப்பே சிரிக்கும். திரைப்படங்கள் கற்றுக்கொடுத்த எகிப்து அது. அந்தச் சிரிப்பில் தவறில்லை. ஆனால், துணி சுற்றிய அந்த உருவம் ஒரு காலத்தில் உண்டு, உறங்கி, பிள்ளைகளைக் கொஞ்சிய ஒரு மனிதர் என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது. இந்த எண்ணத்தோடு ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் ஒரு கைவினை நடவடிக்கையைச் செய்து வருகிறேன். அதன் வரலாற்றுப் பின்னணியையும் செய்முறையையும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

மணலில் தொடங்கிய கலை

எகிப்தின் மிகப் பழைய மம்மிகள் பிரமிடுகளில் கிடைத்தவை அல்ல. வெறும் மணற்குழிகளில் கிடைத்தவை. நைல் ஆற்றங்கரை வயல்களைத் தாண்டினால் பாலைவனம். அங்கே ஆழமில்லாத குழி தோண்டி, இறந்தவரை முழங்கால் மடக்கிக் கிடத்தி மணலிட்டு மூடினார்கள். சூடான உலர்மணல் உடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. அழுகல் தொடங்குமுன் உடல் காய்ந்துவிட்டது. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கெபலைன் மனிதர் அத்தகையவர். ஏறத்தாழ கி.மு. 3400ஐச் சேர்ந்த இளைஞர் அவர். 2012ஆம் ஆண்டில் ஊடுகதிர் முறையில் அவரை ஆராய்ந்தபோது, முதுகுப்பக்கம் கத்தியால் குத்தப்பட்டு இறந்திருக்கிறார் என்று தெரியவந்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கொலைக்குச் சாட்சி கிடைத்தது என்று சொன்னால் மாணவர்கள் மூச்சு விடாமல் கேட்பார்கள்.

வசதி படைத்தவர்கள் பிற்காலத்தில் பெட்டியும் கல்லறையும் கட்டத் தொடங்கியபோது உடல் மணலிலிருந்து பிரிக்கப்பட்டது, அதனால் அழுகியது, அதைத் தடுக்கவே மருந்திட்டுப் பாடம் செய்யும் கலை பிறந்தது என்று நெடுங்காலம் விளக்கி வந்தார்கள். இன்று அந்த விளக்கம் சற்று மாறியிருக்கிறது. கி.மு. 4300ஐ ஒட்டிய காலத்துப் பிணத்துணிகளிலேயே பிசின் பூச்சின் தடயங்கள் இருந்ததை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மணலை நம்பியிருந்த காலத்திலேயே மனிதர் தம் கையாலும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

எழுபது நாள்கள்

இந்தக் கலையைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் எகிப்தியர் அல்லர், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே சென்ற கிரேக்கர் ஹெரோடோட்டஸ். செலவுக்கு ஏற்ப மூன்று முறைகள் இருந்தன என்கிறார். முதல் முறை செல்வர்க்கு. இரண்டாம் முறையில் வயிற்றைக் கிழிக்காமல் கேதுரு எண்ணெயை உள்ளே செலுத்தினார்கள். மூன்றாம் முறையில் குடலைக் கழுவி உப்பில் இட்டதோடு சரி. இறப்பிலும் ஏழை, பணக்காரர் உண்டா என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும், அந்தக் கேள்வியும் வரலாற்றுக் கேள்விதான்.

முதல் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கின் வழியே கொக்கியைச் செலுத்தி மூளையை அகற்றினார்கள். மூளைக்கு அவர்கள் மதிப்பளிக்கவில்லை. இடப்பக்க விலாவின் கீழே கீறிக் கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்து, தனித்தனியே உலர்த்தி நான்கு சாடிகளில் வைத்தார்கள். அந்தச் சாடிகளின் மூடிகளில் ஹோரஸ் கடவுளின் நான்கு புதல்வர்களின் தலைகள் இருக்கும். மனிதத் தலை கொண்ட இம்செத்தி கல்லீரலையும், குரங்குத் தலை கொண்ட ஹாப்பி நுரையீரலையும், குள்ளநரித் தலை கொண்ட துவாமுத்தெஃப் இரைப்பையையும், வல்லூற்றுத் தலை கொண்ட கெபெசெனுயெஃப் குடலையும் காத்தார்கள்.

இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தார்கள். எண்ணுவதும் நினைவில் வைப்பதும் இதயமே என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் ‘நெஞ்சில் நிறுத்து’ என்றுதானே பிள்ளைகளிடம் சொல்கிறோம். ‘மூளையில் நிறுத்து’ என்று யாரும் சொல்வதில்லை. மறுமையில் இறந்தவரின் இதயம் ஒரு தட்டிலும், மாஅத் என்னும் அறத்தெய்வத்தின் இறகு மறுதட்டிலும் வைத்து நிறுக்கப்படும். இதயம் தீவினையால் கனத்திருந்தால் அதை விழுங்க ஒரு விலங்கு காத்திருக்கும். அந்த நேரத்தில் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டாமென்று இதயத்தைக் கேட்டுக்கொள்ளும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மார்பில் வைத்தார்கள். மனச்சாட்சி என்னும் சொல்லை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு உடலை நேட்ரான் என்னும் உப்பில் புதைத்தார்கள். கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாடி நத்ருன் பள்ளத்தாக்கில் ஏரிகள் வற்றும்போது கரையில் படியும் உப்பு அது. சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் அதில் முதன்மையானவை; சமையலுப்பும் கலந்திருக்கும். ஏறத்தாழ 40 நாள்கள் உடல் அதிலே கிடக்கும். எஞ்சிய நாள்களில் எண்ணெய் பூசுவதும் பிசின் தடவுவதும் துணி சுற்றுவதும் மந்திரம் ஓதுவதும் நடைபெறும். மொத்தம் 70 நாள்கள்.

நேட்ரானை நீரில் கரைத்து உடலை ஊறப்போட்டார்களா, உலர்ந்த தூளாகக் குவித்தார்களா என்று அறிஞர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். துட்டன்காமன் கல்லறைப் பொருள்களைப் பாதுகாத்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ், பறவைகளை வைத்துச் சோதனை செய்து உலர்தூளே ஏற்றது என்று காட்டினார். 1994இல் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் பாப் பிரையர், ரான் வேட் ஆகிய இருவரும், ஆய்வுக்கென ஒப்படைக்கப்பட்ட ஓர் உடலை எகிப்திய முறையில், வாடி நத்ருனிலிருந்து வரவழைத்த நேட்ரானைக் கொண்டே 35 நாள்கள் உலர்த்திப் பாடம் செய்தனர். சொல்லைச் செயலால் சோதிப்பதே ஆராய்ச்சி. அதையே நம் வகுப்பறையில் சிறிய அளவில் செய்கிறோம்.

வகுப்பறையில் ஓர் ஆப்பிள்

கோழிக்காலையோ மீனையோ வைத்துச் செய்வோரும் உண்டு. நம் பள்ளிகளில் மரக்கறி உண்ணும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாற்றமும் தொல்லை தரும். ஆப்பிளே போதும்.

தேவையான பொருள்கள்: ஆப்பிள்கள், சமையலுப்பு, சமையல் சோடா, அகலமான கிண்ணங்கள், சமையலறை நிறுவை, பழைய வெள்ளை வேட்டி அல்லது படுக்கை விரிப்பு.

1. ஆப்பிளை நான்காக வெட்டித் தோலின் மேல் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைச் செதுக்க வேண்டும். கத்தியை ஆசிரியரே கையாள்வது நன்று.

2. ஒவ்வொரு துண்டையும் நிறுத்து, எடையை ஏட்டில் குறிக்க வேண்டும். இதை மறந்தால் பின்னர் ஒப்பிட ஒன்றும் இராது.

3. உப்பையும் சோடாவையும் சம அளவில் கலக்க வேண்டும். இதுவே நம் நேட்ரான். சலவைச் சோடாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது. அது தோலையும் கண்ணையும் பாதிக்கும்.

4. நான்கு துண்டுகளில் ஒன்றை வெறுமனே கிண்ணத்தில் வைக்க வேண்டும். ஒன்றை உப்பில் மட்டும், ஒன்றைச் சோடாவில் மட்டும், ஒன்றைக் கலவையில் முழுதாகப் புதைக்க வேண்டும்.

5. மூன்றாம் நாள் ஈரமான தூளை அகற்றிப் புதுத்தூள் இட வேண்டும். பத்தாம் நாள் எடுத்துத் துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும்.

வெறுமனே வைத்த துண்டு பழுப்பேறி, பூஞ்சை பிடித்து, தொட முடியாத நிலையில் இருக்கும். கலவையில் கிடந்த துண்டு சுருங்கி, தோல்போல் உறுதியாக, எடை வெகுவாகக் குறைந்திருக்கும். செதுக்கிய முகம் கிழவர் முகம்போல் மாறியிருக்கும். குறைந்த எடை எங்கே போயிற்று என்று கேளுங்கள். ஈரமான உப்புக்கட்டியைக் கையில் வைத்திருக்கும் மாணவர் தாமே விடை சொல்வார். ஈரமில்லாத இடத்தில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. நம் வீட்டுக் கருவாடும் உப்பிட்ட எலுமிச்சையும் நிலைப்பது இதனால்தான் என்பதையும் அவர்களே சொல்வார்கள். முடிவில் ஒன்றை வலியுறுத்துங்கள்: சோதனைக்குப் பயன்பட்ட ஆப்பிளை யாரும் உண்ணக் கூடாது.

முதல் முயற்சியின் தோல்வி

இதை முதன்முதலாகச் செய்த ஆண்டில் எனக்குத் தோல்வியே கிட்டியது. பல்லி விழும் என்றெண்ணி நெகிழி டப்பாவில் இட்டு இறுக மூடிவிட்டேன். தூளையும் மிச்சம் பிடித்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உப்பெல்லாம் கூழாகி, ஆப்பிள் அதில் மிதந்தது. வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியது.

பிறகு சிந்தித்தேன். நம் நாட்டுக் காற்றிலேயே ஈரம் மிகுதி. எகிப்தின் வறண்ட காற்று அவர்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்தது. அதற்கு மேலும் அவர்கள் தூளை மலைபோல் குவித்தார்கள். வயிற்றுக்குள்ளும் துணிப்பொட்டலங்களில் கட்டித் திணித்தார்கள். இப்போது நான் கிண்ணத்தை மெல்லிய துணியால் மட்டும் மூடுகிறேன், தூளை மாற்றுகிறேன். கெட்டுப்போன ஆப்பிளையும் மறைக்காமல் மாணவர்களுக்குக் காட்டுங்கள். நான் காரணத்தைக் கற்றது அதிலிருந்துதான்.

மன்னரின் உடலுக்கே பூஞ்சை வந்ததுண்டு. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் உடல் பூஞ்சையால் பாதிக்கப்பட்டு, 1976இல் சிகிச்சைக்காகப் பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது.

பயன்படுத்திய உப்பை என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்டால் இன்னொரு செய்தியைச் சொல்லலாம். உடலைத் தொட்ட எதையும் எகிப்தியர் குப்பையில் எறியவில்லை. 1907இல் தியோடர் டேவிஸ் என்பவரின் குழு மன்னர் பள்ளத்தாக்கில் ஒரு சிறு குழியைக் கண்டது. உள்ளே பெருஞ்சாடிகள், அவற்றில் நேட்ரான் பொட்டலங்கள், துணிக் கட்டுகள், உடைந்த பாத்திரங்கள். துட்டன்காமன் பெயரும் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் இனிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று டேவிஸ் பின்னர் எழுதினார். 1922 நவம்பரில் ஹவார்ட் கார்ட்டர் துட்டன்காமனின் கல்லறைப் படிக்கட்டைக் கண்டார். டேவிஸ் பார்த்த சாடிகள் அம்மன்னரைப் பாடம் செய்தபின் எஞ்சிய பொருள்களே என்பதைப் பின்னாளில் ஹெர்பர்ட் வின்லாக் விளக்கினார். குப்பை என்று கருதியதே சான்றாக இருந்தது.

துணியும் பசையும்

உலர்ந்த ஆப்பிள் முகத்தைத் துணிக்கீற்றால் சுற்றுவது அடுத்த வேலை. கடையில் கட்டுத்துணி வாங்க வேண்டியதில்லை. எகிப்தியரும் பெரும்பாலும் வீட்டிலிருந்த பழைய லினன் விரிப்புகளையும் ஆடைகளையுமே கிழித்துப் பயன்படுத்தினார்கள். ஓர் உடலுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் துணி செலவானதும் உண்டு. சுற்றுகளுக்கு இடையே தாயத்துகளை வைத்தார்கள். நம் மாணவர்கள் வண்ணத்தாளில் கண், வண்டு ஆகிய வடிவங்களை வெட்டி இடையில் வைப்பார்கள்.

அடுத்து உறை. பலூன் மீதோ அட்டை மீதோ நாளிதழ்க் கீற்றுகளைக் கோதுமைமாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் வெண்சுதை பூசி வண்ணம் தீட்டலாம். இது வெறும் விளையாட்டுக் கைவேலை அன்று. லினன் துணியையோ பழைய பாப்பிரசுத் தாள்களையோ பசையால் அடுக்கி, மேலே சுதை பூசி, முகமூடிகளையும் உறைகளையும் எகிப்தியர் இப்படியேதான் செய்தார்கள். அவ்வாறு ஒட்டப்பட்ட தாள்களைப் பிரித்துப் பழைய கடிதங்களையும் கணக்குகளையும் அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். நாளிதழை ஒட்டுமுன் அதிலுள்ள ஒரு செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து இதைப் படிப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று எழுதச் சொன்னால் அதுவே நல்ல கட்டுரைத் தலைப்பு.

நம் பக்கத்துக் காட்டின் பிசின்

தொலைவில் உள்ள நாட்டின் கதை நமக்கு எதற்கு என்று கேட்போரும் உண்டு. சக்காரா என்னுமிடத்தில் 2016இல் ரமதான் ஹுசைன் தலைமையிலான குழு நிலத்தடியில் ஒரு பதப்படுத்தும் கூடத்தைக் கண்டது. கி.மு. 664 முதல் 525 வரையிலான அரசமரபுக் காலத்தைச் சேர்ந்தது அது. அங்கிருந்த கலங்களில் உள்ளே இருந்த பொருளின் பெயரும், தலைக்குப் பூச வேண்டியது என்பது போன்ற குறிப்புகளும் எழுதப்பட்டிருந்தன. 31 கலங்களில் ஒட்டியிருந்த எச்சங்களை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கேதுரு, சூனிப்பர் எண்ணெய்களோடு டாமார் என்னும் பிசினும் இருந்தது.

டாமார் மரங்கள் எகிப்தில் வளர்வதில்லை. தென்கிழக்காசிய மழைக்காடுகளில் ஓங்கி நிற்கும் மரங்களின் பிசின் அது. அப்பெயரே மலாய்மொழிச் சொல்தான். தமிழர் குங்கிலியம் என்று புகைக்கும் பிசினும் அதே மரக்குடும்பத்தைச் சார்ந்தது. இரண்டாம் ராம்சேஸின் மூக்கினுள் கருமிளகு வைக்கப்பட்டிருந்ததும் ஆய்வில் தெரியவந்தது. மிளகின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குமலைத் தொடர். எத்தனை கை மாறி, எத்தனை கரை தொட்டு இப்பொருள்கள் நைல் ஆற்றை அடைந்தன என்று எண்ணிப் பாருங்கள். உலகப்படத்தில் நூலைக் கட்டி அந்த வழியை மாணவர்களே காட்டட்டும்.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் தாயார் என்னைக் காண வந்தார். “டீச்சர், பிணத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டா? எங்கள் வீட்டில் மாமனார் இறந்து இன்னும் கருமாதிகூட முடியவில்லை” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. முன்னதாகவே பெற்றோருக்கு அறிவிக்காதது என் பிழை. மன்னிப்புக் கேட்டேன். மகள் விரும்பினால் விலகியிருக்கலாம் என்றும் சொன்னேன்.

அந்த மாணவி விலகவில்லை. துணி சுற்றும் நாளில் என்னருகே வந்து, “எங்கள் தாத்தாவையும் இப்படி வைத்திருக்க முடியாதா, டீச்சர்?” என்று கேட்டாள். உடனே எனக்கு விடை வரவில்லை. அன்பானவர் அழியக் கூடாது என்று அந்த மக்களும் நினைத்தார்கள். உடல் இருந்தால்தான் உயிர் திரும்பி வந்து தங்கும் என்று நம்பியதால் உப்பிட்டுக் காத்தார்கள். நாம் உயிர் போனபின் உடலைத் தீயிடம் ஒப்படைத்து, நாளும் திதியும் பார்த்து நினைக்கிறோம் என்றேன். அவள் சிறிது நேரம் நின்றுவிட்டு, “அப்படியென்றால் அவர்களும் அழுதிருப்பார்கள்” என்றாள். அன்றைய பாடத்தின் நோக்கம் எனக்கே அப்போதுதான் தெளிவாயிற்று.

அதன் பிறகு மூன்று வழக்கங்களைக் கைக்கொண்டேன். இரண்டு வாரம் முன்னதாகப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகிறேன். அண்மையில் இழப்பு நேர்ந்த வீட்டுப் பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசுகிறேன். கேலிப் பேச்சுக்கு இடங்கொடுப்பதில்லை.

கேலி செய்தவர்களின் வரலாறும் உண்டு. ஐரோப்பியர் மம்மிகளைத் தூளாக்கி மருந்தென்று விற்றார்கள். ஓவியர்களுக்குப் பழுப்பு வண்ணமாகக் குழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டத்தின் முன் துணியை அவிழ்த்துக் காட்டினார்கள். 1890இல் ஏறத்தாழ 1,80,000 பூனை மம்மிகள் லிவர்பூல் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டு உரமாக விற்கப்பட்டன. இதைக் கேட்கும்போது வகுப்பில் சிரிப்பு அடங்கிவிடும்.

இன்று நிலைமை மாறி வருகிறது. பிரிட்டனில் சில அருங்காட்சியகங்கள் ‘மம்மி’ என்பதற்குப் பதிலாக ‘மம்மியாக்கப்பட்ட மனிதர்’ என்று எழுதத் தொடங்கியுள்ளன. 2021 ஏப்ரல் 3ஆம் நாள் கெய்ரோவில் 18 மன்னர்களும் 4 அரசியரும் பழைய அருங்காட்சியகத்திலிருந்து எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். அரசர்க்குரிய மரியாதை அவர்களுக்குக் கிடைத்தது.

ஒரு பெயர்

நடவடிக்கையின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் தம் ஆப்பிள் மனிதருக்கு ஒரு பெயரிட வேண்டும். அவர் யார், என்ன தொழில் செய்தார், யாரை விட்டுச் சென்றார் என்று ஐந்து வரி எழுதி உறைக்குள் வைக்க வேண்டும். எகிப்தியர் நம்பிக்கையில் பெயரும் மனிதரின் ஒரு பகுதி. பெயர் சொல்லப்படும்வரை அவர் வாழ்கிறார். அதனால்தான் பகைவரின் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி அகற்றினார்கள். அன்பானவரின் பெயரைப் பெட்டியின் உள்ளும் புறமும் எழுதினார்கள்.

மேலே சொன்ன மாணவி தன் ஆப்பிளுக்குத் தாத்தாவின் பெயரையே இட்டிருந்தாள். தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று எழுதியிருந்தாள். கண்காட்சி நாளன்று அவள் தாயார் வந்து அதைப் படித்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உறையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று மட்டும் கேட்டார்.

ஆசிரிய நண்பர்களே, உப்புக்கும் சோடாவுக்கும் அதிகச் செலவாகாது. பழைய துணி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பத்து நாள் பொறுமைதான் வேண்டும். பெற்றோர்களே, பிள்ளை வீட்டுக்கு வந்து மூளையை மூக்கு வழியே எடுத்த கதையைச் சோற்றுத்தட்டின் முன் சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். கேட்டுவிட்டு, உங்கள் தாத்தா பாட்டியின் பெயரை அவர்களிடம் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் பலர் அதை அறிந்திருப்பதில்லை.